மன்னரின் வாக்கும் மாலுமியின் கணக்கும்: வாஸ்கோ ட காமாவின் வாழ்க்கை

புது தில்லி, டிச. 24: ஐரோப்பாவிலிருந்து கடல்வழியாக இந்தியாவை வந்தடைந்த முதல் கப்பற்படையின் தலைவர் வாஸ்கோ ட காமா, 1524-ஆம் ஆண்டு இதே நாளில் கொச்சியில் காலமானார். பள்ளிப் பாடநூல்கள் அவரை 1498 என்ற ஓர் ஆண்டோடு மட்டுமே இணைத்துக் கூறுகின்றன. அதற்குப் பின் அவர் 26 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் எந்தக் கப்பற்படைக்கும் அவர் தலைமை ஏற்கவில்லை. மன்னர் எழுத்தில் அளித்த வாக்குறுதி ஒன்று நிறைவேறவில்லை என்ற குறையோடு அக்காலத்தைத் தாய்நாட்டிலேயே கழித்தார்.

கடலோடியின் துணிவு மட்டுமே கப்பலைச் செலுத்திவிடாது. கப்பல் கட்டப் பொருள் வேண்டும். பொருள் தர மன்னர் வேண்டும். மன்னர் மனம் இசைய, முதலீட்டுக்கு ஈடான ஊதியம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். காமாவின் வாழ்க்கை இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாறாகவே அமைந்தது.

கடலோரச் சிற்றூரில் பிறப்பு

போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையில் உள்ள சினேஷ் என்னும் மீன்பிடி ஊரில் 1460-களில் காமா பிறந்தார். தந்தை எஸ்தவாவ் ட காமா அவ்வூர்க் கோட்டையின் தலைவர். சந்தியாகு வீரர் சபை என்னும் சமயப் போர்வீரர் அமைப்பின் உறுப்பினர். சினேஷ் ஊரும் அச்சபையின் உடைமையாகவே இருந்தது. காமாவின் குடும்பம் பிரபுக்கள் வரிசையில் கீழ்ப்படியில் நின்ற குடும்பம். அரண்மனைக்குப் பணிபுரிந்து முன்னேறுவதைத் தவிர அத்தகைய குடும்பங்களுக்கு வேறு வழி அரிதாகவே இருந்தது.

1492-இல் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றியதற்குப் பதிலடியாக, தன் துறைமுகங்களில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் பறிமுதல் செய்ய மன்னர் இரண்டாம் ஜான் ஆணையிட்டார். அப்பணி காமாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனை அவர் விரைவாக முடித்தார். கடற்பயணத் திறமையைவிட, இட்ட ஆணையைத் தயக்கமின்றி நிறைவேற்றும் இயல்பே அவரை முதலில் அரண்மனையின் பார்வைக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவுக்குக் கடல்வழி காண்பது இரண்டாம் ஜான் நீண்ட காலம் பேணிய திட்டமாகும். அவர் அனுப்பிய பர்த்தலோமியோ டயஸ் 1488-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்று, இந்தியப் பெருங்கடலுக்கு வாயில் உண்டு என்பதை உறுதிப்படுத்தினார். தரைவழியாக அனுப்பப்பட்ட பெரோ ட கோவில்யா என்னும் ஒற்றர் மலபார்க் கரைத் துறைமுகங்களை நேரில் கண்டார். மேற்கு நோக்கிச் சென்று ஆசியாவை அடையலாம் என்று கூறி உதவி கேட்ட கொலம்பஸை இதே மன்னர்தான் திருப்பி அனுப்பினார். பின்னர் ஸ்பெயினின் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் கொலம்பஸுக்கு ஆதரவளித்தனர். அவர் 1493-இல் புதிய நிலங்களைக் கண்டு திரும்பியதும் இரு அரசுகளுக்கும் இடையே போட்டி முற்றியது. 1494-ஆம் ஆண்டின் தோர்தெசிலாஸ் உடன்படிக்கை அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு கோட்டை வகுத்து, மேற்குப் பகுதியை ஸ்பெயினுக்கும் கிழக்குப் பகுதியை போர்ச்சுகலுக்கும் பங்கிட்டது. அந்நிலங்களில் வாழ்ந்த மக்கள் எவரும் அப்பங்கீட்டில் கலந்துகொள்ளவில்லை.

1495-இல் இரண்டாம் ஜான் மறைந்தார். அவருடைய உறவினரும் மைத்துனருமான மானுவல் அரியணை ஏறினார். இந்தியப் பயணம் பெருஞ்செலவு வைக்கும். வெற்றி பெற்றாலும் வலிய பகைவரைத் தேடித் தரும் என்று அரசவையினர் பலர் தயங்கினர். இளம் மன்னர் அத்தயக்கத்தைப் புறந்தள்ளினார். முப்பது வயதையொட்டிய, பெரும் பெயர் எதுவும் பெற்றிராத காமா படைத்தலைவராக நியமிக்கப்பட்டார்.

நான்கு கப்பல்கள், ஏறத்தாழ 170 பேர்

1497-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் நான்கு கப்பல்கள் லிஸ்பனிலிருந்து புறப்பட்டன. சாவ் கப்ரியேல் கப்பலில் காமாவும், சாவ் ரஃபேல் கப்பலில் அவருடைய அண்ணன் பவுலோ ட காமாவும் தலைமை ஏற்றனர். பெர்ரியோ என்ற சிறு கப்பலை நிகோலாவ் கொயேல்யோ செலுத்தினார். நான்காவது கப்பல் உணவுப்பொருள்களைச் சுமந்தது. பயணத்தில் ஏறத்தாழ 170 பேர் இருந்தனர். ஆபத்தான கரைகளில் முதலில் இறக்கிவிடுவதற்கென்றே தண்டனை பெற்ற கைதிகள் சிலரும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்க, கதிரவனின் உயரத்தை நாள்தோறும் அளந்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அடிப்படையான அட்டவணைகளை உருவாக்கியவர் ஆபிரகாம் சகூதோ என்ற யூத வானியல் அறிஞர். ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றிய 1492-இல் அவர் போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தார். ஸ்பெயின் இளவரசியை மணக்க விரும்பிய மானுவல், 1496-ஆம் ஆண்டின் இறுதியில் யூதர்களுக்கு எதிரான ஆணையைத் தாமும் பிறப்பித்தார். சகூதோ மீண்டும் நாடு துறந்து வட ஆப்பிரிக்காவுக்குச் செல்ல நேரிட்டது. இந்தியப் பயணத்துக்குத் துணை நின்ற அறிவை அளித்தவருக்கு அப்பயணத்தை அனுப்பிய நாட்டில் இடம் இல்லாமல் போயிற்று.

கேப் வெர்டே தீவுகளைக் கடந்தபின், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிச் செல்லும் வழக்கமான வழியைக் காமா கைவிட்டார். எதிர்க்காற்றையும் எதிர்நீரோட்டத்தையும் தவிர்க்க, கப்பல்கள் மேற்கே நெடுந்தொலைவு வளைந்து சென்று, பின்னர்த் தெற்கே வீசும் மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பின. ஆகஸ்ட் தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரை மூன்று மாதங்கள் மாலுமிகள் கரையையே காணவில்லை. கொலம்பஸின் முதல் அட்லாண்டிக் கடப்பு ஐந்து வாரங்களில் முடிந்ததை நோக்கும்போது இதன் அருமை விளங்கும். நவம்பர் 22-ஆம் நாள் நன்னம்பிக்கை முனை கடக்கப்பட்டது. உணவுக் கப்பல் பிரிக்கப்பட்டு, அதன் பொருள்கள் மற்ற மூன்று கப்பல்களுக்கு மாற்றப்பட்டன.

1498-இன் முற்பகுதியில் கப்பல்கள் மொசாம்பிக், மொம்பாசா துறைமுகங்களை அடைந்தன. இரு இடங்களிலும் ஐயமும் மோதலும் எழுந்தன. மொம்பாசாவோடு பகை கொண்டிருந்த மாலிந்தியின் ஆட்சியாளர் மட்டும் காமாவை நட்போடு வரவேற்று, இந்தியாவுக்கு வழிகாட்ட மாலுமி ஒருவரையும் தந்தார். அவர் புகழ்பெற்ற அரபு மாலுமி அகமது இப்னு மஜீத் என்ற கூற்று பரவலாக வழங்கினாலும், ஆய்வாளர்கள் அதனை ஏற்பதில்லை. அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்பதே பலரின் கருத்து. ஏப்ரல் 24-ஆம் நாள் புறப்பட்ட கப்பல்கள் பருவக்காற்றின் துணையோடு நான்கு வாரங்களுக்குள் மலபார்க் கரையைக் கண்டன. இந்தியரும் அரபியரும் ஆப்பிரிக்கரும் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த வழியே அது. காமா புதிதாகத் திறந்தது, அந்த வழியை அட்லாண்டிக்குடன் இணைக்கும் கதவையே.

சாமூதிரியின் அவையில்

1498-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் கள்ளிக்கோட்டைக்கு, அதாவது இன்றைய கோழிக்கோட்டுக்கு, வடக்கே காப்பாடு அருகே கப்பல்கள் நங்கூரமிட்டன. முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் ஒரு கைதி. அவரை எதிர்கொண்டவர்கள் ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த, துனிஸைச் சேர்ந்த இரு முஸ்லிம் வணிகர்கள். ஐரோப்பியர் புத்துலகம் எனக் கருதி வந்திறங்கிய துறைமுகத்தில் ஐரோப்பாவை அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள்.

எகிப்து, அரேபியா, குஜராத் வணிகர்களும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த செட்டியார்களும் அங்கே வாணிகம் செய்தனர். துறைமுகத்துக்கு வரும் எவரும் சுங்கம் செலுத்தி வாணிகம் செய்யலாம் என்பதே சாமூதிரி மன்னரின் நடைமுறை. வணிகரின் சமயமோ நாடோ அங்கே தடையாக இல்லை. மன்னரின் செல்வமும் துறைமுகத்தின் புகழும் அந்த நடைமுறையால் வளர்ந்தவை.

காமாவின் கப்பல்களில் மானுவலின் கடிதம் இருந்தது. ஆனால் அக்கடிதத்துக்கு ஏற்ற காணிக்கை இல்லை. கோடிட்ட துணி 12 துண்டுகள், தொப்பிகள், பவள மாலைகள், கை கழுவும் பாத்திரங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவையே அவர் எடுத்துவைத்த பரிசுகள். அவற்றைக் கண்ட அரண்மனை அதிகாரிகள் நகைத்தனர். மக்காவிலிருந்து வரும் எளிய வணிகர்கூட இதைவிட மேலான பொருளைத் தருவார் என்று கூறி, அவற்றை மன்னர் முன் வைக்கவே மறுத்தனர். மேற்கு ஆப்பிரிக்காவில் விலைபோன பொருள்கள் இங்கும் விலைபோகும் என்று லிஸ்பன் போட்ட கணக்கு தவறிவிட்டது. செல்லும் வழியில் கண்ட இந்துக் கோயிலைக் கிறித்தவ ஆலயம் என எண்ணிக் காமாவும் உடன் சென்றோரும் வழிபட்டதும் இதே நாள்களில் நிகழ்ந்தது.

மூன்று மாதங்களில் சிறிதளவு நறுமணப் பொருள்களே வாங்க முடிந்தது. புறப்படும் வேளையில், மற்ற வணிகர்களைப் போலச் சுங்கம் செலுத்துமாறு சாமூதிரியின் அதிகாரிகள் கேட்டனர். தாம் ஒரு மன்னரின் தூதர் என்ற நிலையில் காமா அதனை ஏற்கவில்லை. கரையில் இருந்த போர்ச்சுகீசியரும் சரக்குகளும் தடுத்துவைக்கப்பட்டபோது, காமா தம் கப்பலுக்கு வந்த உள்ளூர் மக்களைப் பிணையாகப் பிடித்தார். பிணையாளர் பரிமாற்றத்துக்குப் பின்னும் சிலரை விடுவிக்காமல் கொண்டு சென்றார். இலவங்கம், இஞ்சி, மிளகு ஆகியவற்றைத் தரலாம். ஈடாகப் பொன், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி வேண்டும் என்னும் பொருள்பட சாமூதிரி எழுதிய கடிதமும் அக்கப்பலில் சென்றது. சாமூதிரி விரும்பியது வாணிக உறவு. அது வேறு பொருளில் புரிந்துகொள்ளப்படும் என்பதற்கு அவர் கண்ட காலத்தில் அறிகுறி குறைவாகவே இருந்தது.

திரும்பிய கப்பல்கள், திரும்பாத மனிதர்கள்

ஆகஸ்ட் 29-ஆம் நாள் காமா கள்ளிக்கோட்டையை விட்டுப் புறப்பட்டார். மேற்கு நோக்கிச் செல்ல வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற உள்ளூர் அறிவு பொருட்படுத்தப்படவில்லை. வரும்போது நான்கு வாரங்களுக்குள் கடந்த கடலைத் திரும்பும்போது கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. புதிய காய்கனி இன்றி ஈறுகள் வீங்கி உடல் தளரும் ஸ்கர்வி நோயால் அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தனர். கப்பல்களைச் செலுத்த ஆள் போதாமல் சாவ் ரஃபேல் கப்பலைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் எரித்துவிட நேர்ந்தது.

1499 ஜூலையில் பெர்ரியோ லிஸ்பனை அடைந்தது. காமா அதில் இல்லை. நோயுற்ற அண்ணன் பவுலோவைக் காப்பாற்ற அவர் அசோர்ஸ் தீவுகளுக்குச் சென்றிருந்தார். டெர்செய்ரா தீவில் பவுலோ உயிரிழந்தார். அங்கேயே அவரை அடக்கம் செய்துவிட்டு, சில வாரங்கள் கழித்தே காமா லிஸ்பன் திரும்பினார். புறப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வீடு சேர்ந்தனர்.

மானுவல் வெற்றியை உடனே உலகுக்கு அறிவித்தார். கொலம்பஸை அனுப்பிய ஸ்பெயின் ஆட்சியாளர்களுக்கு முதலில் கடிதம் எழுதினார். எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வாணிகத்துக்கும் அதிபதி என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்போது இந்தியாவில் அவருக்கு ஒரு கோட்டையோ ஒரு கிடங்கோகூட இல்லை. லிஸ்பன் அருகே பெலேம் கரையில் ஜெரோனிமோஸ் மடாலயம் எழுப்பும் பணி தொடங்கியது. நறுமணப் பொருள் வாணிக வருவாயில் ஒரு பகுதி அதற்கு ஒதுக்கப்பட்டது.

காமாவுக்கு டோம் என்னும் மேன்மைப் பட்டமும், இந்தியக் கடல்களின் கடற்படைத் தலைவர் என்ற பதவியும், ஆண்டுக்கு 3 லட்சம் ரெயால் ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. அவர் பிறந்த சினேஷ் ஊரைப் பரம்பரைச் சொத்தாகத் தருவதாகவும் 1499 டிசம்பரில் மன்னர் எழுத்தில் உறுதியளித்தார்.

எரிந்த கப்பல்

1500-இல் பெட்ரோ அல்வாரஸ் கப்ரால் தலைமையில் 13 கப்பல்கள் அனுப்பப்பட்டன. பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு அவர் கள்ளிக்கோட்டை வந்தார். கிடங்கு அமைக்க சாமூதிரி இசைந்தார். ஆயினும் மிளகு கொள்முதலில் அரபு வணிகர்களோடு தகராறு முற்றி, கப்ரால் அவர்களுடைய கப்பல் ஒன்றைக் கைப்பற்றினார். அதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தில் போர்ச்சுகீசியர் 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கப்ரால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைத் தாக்கி, நகரின் மீது பீரங்கி சுட்டுவிட்டு, சாமூதிரிக்குப் பகையான கொச்சி மன்னரிடம் சென்று நட்பு கொண்டார்.

இதற்குப் பழிவாங்கவும் மிளகு வாணிகத்தை முழுமையாகக் கைக்கொள்ளவும் 1502 பிப்ரவரியில் காமா மீண்டும் புறப்பட்டார். இம்முறை கப்பல்கள் 20; காணிக்கைகளுக்குப் பதில் பீரங்கிகள். கண்ணனூருக்கு அருகே மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மிரி என்ற கப்பலை அப்படை மறித்தது. அதில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேர் இருந்தனர். கப்பலில் இருந்த கள்ளிக்கோட்டைச் செல்வர்கள், மற்றவர்களையும் விடுவிக்கப் பெரும் பொருள் தர முன்வந்தனர். காமா அதனை மறுத்து, பொருள்களைக் கைப்பற்றியபின் கப்பலுக்குத் தீ வைக்க ஆணையிட்டார். பயணிகள் தீயை அணைத்து, கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு போரிட்டனர். தாய்மார்கள் நகைகளையும் கைக்குழந்தைகளையும் உயர்த்திக் காட்டி இரக்கம் வேண்டினர். சில நாள்கள் நீடித்த அந்தப் போராட்டம் எல்லோரின் சாவோடு முடிந்தது. கிறித்தவராக வளர்ப்பதற்கென எடுத்துக்கொள்ளப்பட்ட ஏறத்தாழ 20 குழந்தைகளே எஞ்சினர்.

இந்நிகழ்வைப் பகைவர்கள் புனைந்துரைத்ததாகக் கூற இடமில்லை. அப்படையில் எழுத்தராகப் பயணம் செய்த தோமே லோப்பஸ் என்ற போர்ச்சுகீசியரே அதனைக் கண்ணால் கண்டு, மறக்க இயலாத துயரோடு பதிவு செய்துள்ளார்.

அதன்பின் கள்ளிக்கோட்டையின் முன் நின்ற காமா, முஸ்லிம் வணிகர் அனைவரையும் நகரிலிருந்து வெளியேற்றுமாறு சாமூதிரியைக் கேட்டார். தலைமுறைகளாகத் தம் நாட்டில் வாழும் மக்களை வெளியேற்ற சாமூதிரி மறுத்தார். பிடிபட்ட மீனவர்களும் மாலுமிகளுமாக 30-க்கும் மேற்பட்டோர் பாய்மரங்களில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய தலைகளும் கைகால்களும் துண்டிக்கப்பட்டு ஒரு படகில் கரைக்கு அனுப்பப்பட்டன. நகரம் பீரங்கிகளால் சுடப்பட்டது. பின்னர்க் கொச்சியிலும் கண்ணனூரிலும் மிளகின் விலையை நிலையாக வரையறுக்கும் உடன்பாடுகளைச் செய்துகொண்டு, நிறைந்த சரக்கோடு 1503-இல் காமா லிஸ்பன் திரும்பினார்.

அரபிக்கடலில் செல்லும் ஆசியக் கப்பல்கள் போர்ச்சுகீசிய அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இல்லையேல் பறிமுதல் என்ற முறை இக்காலத்தையொட்டியே உருப்பெற்றது. எவருக்கும் உரிமையாக இல்லாத கடலுக்கு ஓர் உரிமையாளர் முளைத்தார்.

கிடைக்காத ஊர்

வெற்றியோடு திரும்பிய காமாவுக்கு அடுத்த 20 ஆண்டுகளில் கடற்படைத் தலைமை எதுவும் வழங்கப்படவில்லை. 1505-இல் பிரான்சிஸ்கோ ட அல்மெய்டா இந்தியாவின் முதல் போர்ச்சுகீசிய வைஸ்ராயாக அனுப்பப்பட்டார். 1510-இல் அல்புகர்க் கோவாவைக் கைப்பற்றினார். இவ்வளவும் நடந்தபோது காமா தாய்நாட்டில் சினேஷ் ஊருக்காகக் காத்திருந்தார்.

அந்த ஊர் மானுவலுக்கு உரியதன்று. அது சந்தியாகு சபையின் உடைமை. சபையின் தலைவர் ஜார்ஜ், மறைந்த மன்னர் இரண்டாம் ஜானின் மகன். மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அரியணையை இழந்தவர். ஊரை விட்டுக்கொடுக்க அவருக்கு எவ்விதக் காரணமும் இருக்கவில்லை. காமா தம் குடும்பத்தோடு சினேஷில் குடியேறி, பெரிய வீடு கட்டி, ஊர்த்தலைவர் போல நடந்துகொண்டார். சபை முறையிட்டது. 1507-இல், 30 நாள்களுக்குள் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறுமாறும், சபைத் தலைவரின் அனுமதியின்றி மீண்டும் நுழையக் கூடாது என்றும் அதே மானுவல் ஆணையிட்டார். இந்தியக் கடல்களின் தலைவர் எனப் பட்டம் பெற்றவர் தாம் பிறந்த ஊருக்குள் நுழைய உரிமை இழந்தார். பின்னர் அவர் எவோரா நகரில் வாழ்ந்தார்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. மானுவல் தமக்கு உரிமையில்லாத இரண்டை எழுத்தில் வழங்கினார்: ஒன்று சினேஷ் என்னும் சிற்றூர், மற்றொன்று இந்தியப் பெருங்கடலின் வாணிகம். சிற்றூருக்கு உரியவர்களிடம் ஆவணம் இருந்தது. அரசவையில் செல்வாக்கும் இருந்தது. எனவே மன்னர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றார். கள்ளிக்கோட்டை வணிகர்களுக்கும் மிரி கப்பலின் பயணிகளுக்கும் லிஸ்பன் அரசவையில் வாதாட எவரும் இல்லை. அங்கே மன்னரின் சொல் பீரங்கியால் நிலைநாட்டப்பட்டது.

1517-இல் மற்றொரு போர்ச்சுகீசிய மாலுமியான ஃபெர்டினாண்ட் மகெல்லன், மானுவலிடம் கேட்ட ஊதிய உயர்வும் கப்பல் தலைமையும் கிடைக்காமல் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கே இளம் மன்னர் சார்லஸ் அவருடைய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மறு ஆண்டு காமாவும் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டார். வழிகளையும் துறைமுகங்களையும் நன்கறிந்த இரண்டாவது மனிதரையும் போட்டி அரசிடம் இழக்க மானுவல் விரும்பவில்லை. பிரகன்சா பிரபுவிடமிருந்து விதிகெய்ரா ஊர் காமாவுக்குப் பெறப்பட்டு, 1519-இன் இறுதியில் அவர் விதிகெய்ராவின் கோமகன் ஆனார். இருபது ஆண்டுகள் விண்ணப்பித்துப் பெற இயலாததை, வெளியேறுவேன் என்ற எச்சரிக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் பெற்றுத் தந்தது.

கொச்சியில் இறுதி நாள்கள்

1521-இல் மானுவல் மறைந்து அவருடைய மகன் மூன்றாம் ஜான் மன்னரானார். இந்தியாவிலிருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகளின் முறைகேடுகள் பற்றிய புகார்கள் அவரைத் தொடர்ந்து எட்டின. அரசுப் பணத்தில் வந்த கப்பல்களில் அதிகாரிகள் தங்கள் சொந்தச் சரக்கை ஏற்றினர். அரசுக்கு வர வேண்டிய வருவாய் குறைந்தது. அதனைச் சீர்செய்ய அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த காமா வைஸ்ராயாக நியமிக்கப்பட்டார். 1524 ஏப்ரலில் புறப்பட்ட அவர் செப்டம்பரில் இந்தியக் கரையை அடைந்தார். இரு மகன்கள் உடன் வந்தனர்.

கோவாவிலும் கொச்சியிலும் அவர் கடுமையோடு நடவடிக்கை எடுத்தார். பதவிகள் பறிக்கப்பட்டன; கணக்குகள் கேட்கப்பட்டன. தடையை மீறிக் கப்பலில் ஒளிந்து வந்த பெண்கள் மூவர் கோவாவில் பொது இடத்தில் சவுக்கடி பெற்றனர். முந்தைய ஆளுநர் டுவார்த்தே ட மெனெசஸ் பொறுப்பை எளிதில் ஒப்படைக்கவில்லை. இந்த இழுபறிக்கு நடுவே காமா நோயுற்றார். வந்திறங்கி நான்கு மாதங்கள் நிறைவதற்கு முன்பே, டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் அவர் உயிர் பிரிந்தது. மன்னர் முன்கூட்டியே முத்திரையிட்டு அனுப்பியிருந்த கடிதம் பிரிக்கப்பட்டு, அடுத்த ஆளுநரின் பெயர் அறிவிக்கப்பட்டது. தாம் அனுப்பும் மனிதர் உயிரோடு திரும்பாமல் போகலாம் என்பதையும் அரசு கணக்கில் வைத்திருந்தது.

கொச்சிக் கோட்டையில் உள்ள இன்றைய புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1530-களின் இறுதியில் உடல் எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டு விதிகெய்ராவில் வைக்கப்பட்டன. 1880-இல் அவை ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு மாற்றப்பட்டபோது வேறொருவரின் எலும்புகள் சென்றுவிட்டதாகக் கண்டறியப்பட்டு, அப்பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. கொச்சி ஆலயம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. காமாவை அடக்கம் செய்த இடம் அங்கே அடையாளம் காட்டப்படுகிறது.

இருவகை நினைவு

போர்ச்சுகலில் அவர் தேசிய வீரர். 1572-இல் வெளிவந்த கமோயன்ஸின் காவியமான லூசியாதஸ் அவருடைய முதல் பயணத்தை மையமாகக் கொண்டது. மலபாரின் நினைவு வேறுபட்டது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னானியைச் சேர்ந்த அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம் அரபு மொழியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூல், போர்ச்சுகீசியர் வருகையால் கரையோர மக்கள் அடைந்த துன்பத்தை உள்ளூர்ப் பார்வையில் பதிவு செய்தது. சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் அந்நூற்றாண்டு முழுவதும் போர்ச்சுகீசியரைக் கடலில் எதிர்த்துப் போரிட்டனர். கோவாவில் 1510-இல் தொடங்கிய போர்ச்சுகீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19-ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது.

1998-இல் பயணத்தின் ஐந்நூறாவது ஆண்டு நிறைவை லிஸ்பன் பெருவிழாவாகக் கொண்டாடியது. நகரின் புதிய நீண்ட பாலத்துக்குக் காமாவின் பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவில் அதே ஆண்டு, கொண்டாட்டம் எதுவும் கூடாது என்ற குரல்கள் எழுந்தன. ஆயினும் கோவாவின் துறைமுக நகரம் ஒன்று இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. காப்பாட்டுக் கடற்கரையில் அவர் வந்திறங்கியதைக் குறிக்கும் கல்தூணும் நிற்கிறது. எரிக்கப்பட்ட மிரி கப்பலின் பயணிகளில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள்கூட வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

மிளகு வருவாயில் எழுந்த ஜெரோனிமோஸ் மடாலயத்தில் மன்னர் மானுவலின் கல்லறையும் காமாவின் கல்லறையும் இன்று ஒரே கூரையின் கீழ் உள்ளன. வாழ்நாளில் ஓர் ஊருக்காக முரண்பட்டு நின்ற இருவரையும் அக்கட்டடம் ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறது. அதற்கான செலவில் ஒரு பங்கு மலபார்க் கரையிலிருந்து சென்றது.